பேஸ் பெட்டியும் பக்கத்து வீடும்

தோட்டப்புற வீடுகளுக்கு வானொலிப் பெட்டி வந்த காலம் ஒன்று உண்டு. தொலைக்காட்சி வந்த காலம் ஒன்று உண்டு. இப்பொழுது பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கிய கணினி பல வீடுகளில் இருக்கிறது. பகலில் பாடம், மாலையில் விளையாட்டு என்று அது இரண்டு வேலை பார்க்கிறது. விளையாட்டு என்று வந்துவிட்டால் பிள்ளை அடுத்துக் கேட்பது ஸ்பீக்கர். அதிலும் சாதாரண ஸ்பீக்கர் போதாது. "பேஸ் பெட்டி வைத்த செட்டாக வேண்டும், அப்பா" என்பான்.

வாங்கிக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டுச் சம்பளக் கணக்கைப் பொறுத்தது. அதில் நான் தலையிடவில்லை. வாங்கிவிட்டால் அதை எங்கே வைப்பது, எப்படி இணைப்பது, எவ்வளவு சத்தம் வைப்பது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். தனி வீட்டுக்காரர் வைப்பது போல் லயத்து வீட்டில் வைக்க முடியாது. நம் வீட்டுச் சுவரில் பாதி பக்கத்து வீட்டாருக்குச் சொந்தம். தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் குடிபோனவர்களுக்கும் இதே கதைதான்.

செட்டுக்குள் என்ன இருக்கிறது?

கடைகளில் 2.1 என்று எழுதி விற்கிறார்கள். 2 என்பது மேசைமேல் வைக்கும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். புள்ளிக்குப் பின்னுள்ள 1 என்பது கீழே வைக்கும் பெரிய பெட்டி. இதற்குச் சப்வூஃபர் என்று பெயர். நம் பிள்ளைகள் பேஸ் பெட்டி என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

மனிதக் காது வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வினாடிக்கு ஓர் அதிர்வு என்பதை ஒரு ஹெர்ட்ஸ் என்பார்கள். கொலுசுச் சத்தம் மேல் பகுதியைச் சேர்ந்தது. உறுமி மேளத்தின் முழக்கம் அடிப் பகுதியைச் சேர்ந்தது. அடித்தள ஒலியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அது முடியாது. ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சு, காலடி ஓசை, கதவு திறக்கும் ஓசை, துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் ஓசை ஆகியவை பெரும்பாலும் சின்ன ஸ்பீக்கர்களின் பொறுப்பு. வெடி, இடி, லாரி எஞ்சின் ஆகியவற்றின் அடிமுழக்கம் பேஸ் பெட்டியின் பொறுப்பு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஓர் உண்மை விளங்கும். எதிரி இடப்பக்கம் வருகிறானா வலப்பக்கம் வருகிறானா என்று பிள்ளைக்குச் சொல்வது சின்ன ஸ்பீக்கர்கள்தாம். ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் தெளிவாகப் பிரித்தறிய முடியாது. பேஸ் பெட்டியால் விளையாட்டுக்குச் சுவை கூடும். ஆட்டத்தில் வெற்றி கூடாது. "பேஸைக் குறைத்தால் தோற்றுவிடுவேன்" என்று மகன் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

சிங்கப்பூரிலிருந்து எழுந்த ஒலி

1981ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் கணினி வந்தபோது அதனுள் இருந்தது ஒரு சிறிய ஸ்பீக்கர் மட்டுமே. பீப், பீப் என்று கத்தும், அவ்வளவுதான். கணினியைப் பாடவும் பேசவும் வைத்தவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து நாட்டுக்காரர். சிங்கப்பூரில் நீ ஆன் பாலிடெக்னிக்கில் படித்த சிம் வோங் ஹூ என்பவர் 1981இல் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். 1989இல் அந்நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டை உலகெங்கும் கணினி விளையாட்டுகளின் குரலாயிற்று. சிம் 2023 ஜனவரியில் காலமானார்.

இன்று அத்தகைய ஒலி அமைப்பு கணினியின் தாய்ப்பலகையிலேயே சேர்ந்து வருகிறது. ஆகவே சாதாரண 2.1 செட்டுக்காகத் தனி ஒலி அட்டை வாங்கத் தேவையில்லை. கடைக்காரர் வற்புறுத்தினாலும் அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்

பெட்டியின் மேல் 1000 வாட்ஸ், 2000 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அருகில் பிஎம்பிஓ என்று சிறிய எழுத்து இருந்தால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள். அது ஒரு கணப்பொழுதுக்குக் கணக்குப் போட்டுக் காட்டும் விளம்பர எண். அதை ஒரே முறையில் அளக்கவேண்டும் என்ற விதி கிடையாது. ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண்தான் தொடர்ந்து தரக்கூடிய உண்மையான திறன். மேசை அருகில் உட்கார்ந்து விளையாடும் ஒருவருக்கு 20 அல்லது 30 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம்.

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஒலியளவு 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது கொஞ்சம் கூடியது போல்தான் இருக்கும். சத்தம் இரண்டு மடங்கானது போல் தோன்றவேண்டுமானால் ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். 30 வாட்ஸ் செட்டுக்கும் 60 வாட்ஸ் செட்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கலாம். காதில் அவ்வளவு வித்தியாசம் இராது.

சின்ன ஸ்பீக்கர்களை வைக்கும் முறை

செட்டின் விலையைவிட அதை வைக்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. இதற்குக் காசு செலவில்லை. ஓர் அளவு நாடா போதும்.

முதலாவது, இரண்டு ஸ்பீக்கர்களும் பிள்ளையின் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ஸ்பீக்கர்களுக்கு இடையே 3 அடி என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் தலைக்கும் 3 அடி. மேசை சிறியதானால் இரண்டரை அடியாகக் குறைத்துக்கொள்ளலாம். மூன்று பக்கமும் சமமாக இருந்தால் சரி.

இரண்டாவது, ஸ்பீக்கரின் முகம் காதைப் பார்க்க வேண்டும். மேசைமேல் வைத்தால் அது பெரும்பாலும் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு தடித்த புத்தகங்களின் மேல் வையுங்கள். அல்லது முன்பக்கத்துக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகி அண்ணாந்து பார்க்கச் செய்யுங்கள்.

மூன்றாவது, கணினித் திரைக்குப் பின்னாலோ அலமாரித் தட்டுக்குள்ளோ ஸ்பீக்கரை ஒளித்து வைக்காதீர்கள். மேல்பகுதி ஒலி நேர்க்கோட்டில் செல்லும் இயல்புடையது. மறைப்பு வந்தால் மங்கிவிடும். பிறகு தெளிவு போதவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவார்கள்.

நான்காவது, இடது ஸ்பீக்கர் இடப்பக்கமும் வலது ஸ்பீக்கர் வலப்பக்கமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறியிருந்தால் விளையாட்டில் இடப்பக்கம் வருபவன் காதுக்கு வலப்பக்கம் வருவான்.

பேஸ் பெட்டிக்கு எது இடம்?

வழக்கமாகச் செய்வது என்ன? காலில் இடறக்கூடாதென்று பெட்டியை அறை மூலையில் தள்ளிவிடுகிறோம். லயத்து வீட்டில் அந்த மூலையின் ஒரு பக்கம் பெரும்பாலும் பொதுச்சுவர். வைக்கக்கூடாத இடங்களில் முதல் இடம் அதுதான்.

கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பந்தலுக்கு அருகில் நின்றால் பாட்டின் சொல் ஒவ்வொன்றும் கேட்கும். நடந்து தூரம் போகப் போகச் சொற்கள் மறைந்துவிடும். உறுமியின் தொம், தொம் மட்டும் தொடர்ந்து வரும். மேல்பகுதி ஒலியைச் சுவரும் மரமும் எளிதில் தடுத்துவிடும். அடித்தள ஒலி சுவரையே அசைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். பலகைச் சுவர் என்றால் சொல்லவே வேண்டாம். சில பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எழுப்பப்பட்டிருக்காது. அங்கே மேல்வழியாகவும் ஒலி போகும்.

அடுத்தது அறையின் அளவு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். அதாவது 23 அடி. நம் அறையோ 10 அடி. அலை சுவரில் மோதித் திரும்பி, தன்னோடு தானே கலக்கிறது. 10 அடி அறையில் சுமார் 57 ஹெர்ட்ஸ் ஒலியைச் சோதித்தால் சுவரோரத்தில் முழக்கம் பெருத்தும் அறையின் நடுவில் மெலிந்தும் கேட்கும். இதன் விளைவைக் கவனியுங்கள். அறை நடுவில் நாற்காலி போட்டு உட்காரும் பையன் "பேஸ் வரவில்லையே" என்று குமிழைத் திருகுகிறான். அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருப்பவருக்கு முழுப் பேஸும் போய்ச் சேருகிறது. மூலையில் வைத்தால் முழக்கம் இன்னும் பெருகும்.

எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இதனால் இரண்டு குடும்பங்கள் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டன. மகன் விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய செட் அது. பக்கத்து வீட்டு அம்மாள் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போகிறவர்.

"அண்ணே, உங்க மகன் விளையாட ஆரம்பிச்சா என் வீட்டு அலமாரியில தட்டெல்லாம் ஆடுது" என்றார் அவர்.

"எங்க வீட்டுலயே அவ்வளவு சத்தம் இல்லையேம்மா. உனக்கு எப்படிக் கேக்கும்?" என்றார் இவர்.

இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பொய் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். கடைசியில் லயத்துப் பெரியவர் ஒருவர் தகப்பனைக் கையோடு அழைத்துக்கொண்டு போய் அந்த அம்மாளின் படுக்கையருகில் நிற்க வைத்தார். மகனை விளையாடச் சொன்னார். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. நேரே வீட்டுக்கு வந்து பெட்டியை மூலையிலிருந்து தாமே தூக்கினார். இடம் மாற்றிக் குமிழையும் பாதியாகக் குறைத்த பிறகு, மகனுக்கு முன்னைவிட நன்றாகவே கேட்டது. அந்த அம்மாளுக்கும் தூக்கம் திரும்பியது.

சரி, எங்கே வைப்பது? பிள்ளையின் காலுக்குப் பக்கத்தில், மேசைக்கு அடியிலோ ஓரத்திலோ வையுங்கள். பொதுச்சுவரிலிருந்து இயன்ற அளவு தள்ளி இருக்கட்டும். வெளிச்சுவர்ப் பக்கமாகவோ உள்தடுப்புப் பக்கமாகவோ மேசையைப் போடுங்கள். பெட்டி பக்கத்தில் இருந்தால் குறைந்த சத்தமே போதும். குமிழைக் குறைத்தால் பக்கத்து வீட்டுக்குப் போவதும் குறையும். பெட்டியின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒரு துளை இருக்கும். காற்று போய்வரும் வழி அது. அதற்கு முன்னால் ஒரு சாண் இடமாவது விடுங்கள்.

நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. பேஸ் பெட்டியைத் தூக்கிப் பிள்ளை உட்காரும் நாற்காலியில் வையுங்கள். அடிமுழக்கம் தொடர்ந்து வரும் பாட்டு ஒன்றை மெதுவாகப் போடுங்கள். பிறகு பிள்ளையைத் தரையில் தவழ்ந்துகொண்டே மேசையைச் சுற்றிக் கேட்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் முழக்கம் திம்மென்று அடைக்காமலும் காணாமற் போகாமலும் சீராகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் பெட்டியை வையுங்கள். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் பலன் உண்டு.

தூண்மேல் கட்டிய பலகைத் தரை வீடானால் பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டோ பஞ்சுப் பலகையோ போடுங்கள். பெட்டியின் நடுக்கம் தரை வழியே பரவுவது குறையும். காற்று வழியே போகும் முழக்கத்தை ரப்பர் தடுக்காது; அதற்குக் குமிழைக் குறைப்பதுதான் வழி.

இணைப்பும் கணினிக்குள் செய்ய வேண்டியதும்

பெரும்பாலான செட்டுகளில் ஒலியைப் பெருக்கும் கருவி பேஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சின்ன ஸ்பீக்கர் இரண்டின் ஒயரும் அதில் சேரும். அதிலிருந்து வரும் ஒயரைக் கணினியின் பச்சைத் துளையில் செருக வேண்டும். எல்லாம் செருகிய பிறகே மின்சுவிட்சைப் போடுங்கள். சிவப்பு, கறுப்பு என்று ஒயர் முனையைத் தனித்தனியே மாட்டும் செட்டானால் இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் ஒலி நடுவில் நிற்காது, வெறுமையாகக் கேட்கும்.

புளூடூத் வழியாகவும் இணைக்கலாம். ஆனால் ஒலி சற்றுத் தாமதித்து வரும். பாட்டுக்குப் பரவாயில்லை, விளையாட்டில் சுட்ட பிறகு சத்தம் வந்தால் பிள்ளைக்குக் கோபம் வரும். ஒயரே நல்லது.

கணினியின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்று தேர்ந்தெடுங்கள். விளையாட்டுக்குள்ளும் அப்படியே ஸ்டீரியோ அல்லது ஸ்பீக்கர் என்று வையுங்கள். பேஸைப் பிரிக்கும் வேலையைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். பெரிய செட்டுக்குரிய 5.1 என்பதைத் தெரியாமல் அழுத்திவிட்டால் சில விளையாட்டுகளில் பேச்சே கேட்காமற் போகும். அது நடு ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது, நம்மிடம் நடு ஸ்பீக்கர் இல்லை. பேஸ் குமிழைக் கால் பங்கில் தொடங்கித் தேவையானால் சற்றே கூட்டலாம்.

இரவில் பயன்படும் வசதி ஒன்று உண்டு. பல விளையாட்டுகளில் நைட் மோடு என்று இருக்கும். விண்டோஸ் கணினிகள் பலவற்றில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்று இருக்கும். இரண்டும் சிறிய ஓசையை உயர்த்தி, பெரிய வெடிச் சத்தத்தை அடக்கிவைக்கும். காலடி ஓசையும் கேட்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையும் எழுந்துவிடாது.

ஊம்... என்ற இரைச்சல் ஓயாமல் வந்தால் அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பாக இருக்கலாம். கணினியையும் செட்டையும் ஒரே மின்பலகையில் செருகுங்கள். ஒலி ஒயரை மின்ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பெரும்பாலும் குறைந்துவிடும். ஆனால் அதே பலகையில் சோற்றுப்பானையையும் இஸ்திரிப் பெட்டியையும் செருகக் கூடாது. இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. வானம் இருண்டால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

காது ஒன்று கெட்டால் மறு காது கடையில் இல்லை

பக்கத்து வீட்டாரைப் பற்றிச் சொன்னேன். நம் பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர் அணுக்கள் இருக்கின்றன. அதிகச் சத்தத்தால் அவை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை.

பாதுகாப்பாகக் கேட்பதற்கென்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கமும் 2019இல் ஓர் அளவை முன்வைத்தன. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். சிறுவர்களுக்கு 40 மணி நேரம் 75 டெசிபல். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அதாவது 75இல் 40 மணி கேட்கலாம் என்றால் 78இல் 20 மணி, 81இல் 10 மணி, 84இல் 5 மணிதான். குமிழைச் சற்றே திருகுவதால் வாரம் முழுதுக்கும் உரிய பங்கு ஒரே இரவில் தீர்ந்துவிடக்கூடும்.

அளக்கும் கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிள்ளையிடமிருந்து ஒரு கை நீளத் தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசுங்கள். குரலை உயர்த்தினால்தான் கேட்கிறது என்றால் சத்தம் 85 டெசிபலை எட்டியிருக்கலாம்; உடனே குறைக்க வேண்டும். விளையாடி முடித்தபின் காதில் ரீங்காரம் இருந்தாலும் அதே எச்சரிக்கைதான். ஹெட்போன் போட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்குத் தொல்லை தீரும். காதுக்குத் தொல்லை தீராது. அங்கும் இதே கணக்குதான்.

சுவரில் எழுதி ஒட்டி வைக்க

1. பேஸ் பெட்டி பொதுச்சுவரிலும் வேண்டாம், மூலையிலும் வேண்டாம்.
2. சின்ன ஸ்பீக்கர்கள் காது உயரத்தில், முக்கோணமாக.
3. இரவு 9 மணிக்கு மேல் பேஸ் குமிழ் அடியோடு குறைய வேண்டும். 10 மணிக்கு மேல் ஹெட்போன், அதுவும் மெதுவாக.
4. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை காதுக்கு ஓய்வு.
5. செட் வாங்கிய அன்றே பக்கத்து வீட்டுக்குப் போய், "அங்கே கேட்கிறதா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

இந்த ஐந்தாவது விதியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும் பேஸை யாராலும் அளக்க முடியாது. போய்க் கேட்டால்தான் தெரியும். அடுத்த முறை மகன் செட்டைப் பற்றிப் பேசினால் விலையை மட்டும் கேட்காதீர்கள். "எந்தச் சுவர்ப் பக்கம் வைக்கப் போகிறாய், தம்பி?" என்று கேளுங்கள். அதற்குச் சரியான பதில் சொல்லும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம்.